ராமானுஜன் விட்ட எண்

ராமானுஜன் ஒரு தப்பு செய்தார். இந்த ஒரு வாக்கியத்தை ஒரு பள்ளிக்கூட மேடையில் சொன்னதற்காக எனக்குப் போட்ட சால்வையைத் தவிர மற்ற மரியாதை எல்லாம் பறிபோனது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன்.

2,93,31,86,25,600.

இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தோரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. பார்வைக்கு ஒரு மாநில பட்ஜெட்டில் ஏதோ ஒரு துறைக்கு ஒதுக்கிய தொகை மாதிரி இருக்கும். 1729 மாதிரி நாலு இலக்கத்தில் அடங்காது. டாக்சி எண்ணாகவும் வராது, டி-ஷர்ட்டில் அச்சடிக்கவும் முடியாது. ராமானுஜனைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் நமக்கு இந்த எண் தெரியாது. எனக்கும் நாற்பது வயது வரை தெரியாது. கணிதத்தில் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், ட்யூஷன் எடுத்துப் பிழைக்கிறவன் நான். டிசம்பர் 22 வந்தால் பள்ளிகளில் கூப்பிடுவார்கள். நானும் போய், ஹார்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார், டாக்சி எண் 1729, ராமானுஜன் படுக்கையிலிருந்தே பளிச்சென்று சொன்னார் என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பத்துப் பன்னிரண்டு வருஷம். இந்தக் கட்டுரையில் நான் யாரையெல்லாம் திட்டப் போகிறேனோ அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

*

அந்த எண்ணுக்கு என்ன சிறப்பு? 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணி கிடையாது. 24-க்கு எட்டு. அதற்குக் கீழே எதற்கும் எட்டு கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் வைத்திருக்கும் எண்ணுக்கு ராமானுஜன் ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை மிகுபகு எண் என்று சொல்லிக்கொள்கிறேன். பகா எண்ணுக்கு நேர் எதிர்முனை. பகா எண் யாருக்கும் பங்கு கொடுக்காது. மிகுபகு எண் எத்தனை பேர் வந்து கேட்டாலும் பங்கு வைத்துக் கொடுக்கும்.

பங்கு வைக்கிற காரியம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் மனிதர்கள் இந்த எண்களைத் தேடிப் போயிருக்கிறார்கள். மணிக்கு 60 நிமிஷம், வட்டத்துக்கு 360 பாகை, டஜனுக்கு 12, எல்லாம் மிகுபகு எண்கள். பிளேட்டோ தன் 'சட்டங்கள்' நூலில் ஒரு இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று எண்ணிக்கை வைத்தார். தன்னைத் தவிர்த்து 59 காரணிகள் உள்ள எண், வரிக்கும் படைக்கும் நிலத்துக்கும் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்பது அவர் கணக்கு. 5040-உம் மிகுபகு எண்தான். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்த ராமானுஜனின் காலத்து ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ரூபாயைப் பாதியாக்கலாம், காலாக்கலாம், மூன்றாக்கலாம், பன்னிரண்டாக்கலாம், மீதி நிற்காது. காரணிகளின் அருமை தெரிய நட்சத்திர மண்டலம் வரை போக வேண்டியதில்லை, ஒரு பேரேடு போதும்.

1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் இந்த எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதிய கட்டுரை வந்தது. 63 பக்கம். அவர் வெளியிட்டதிலேயே நீளமானது. எஃப்.ஏ. தேர்வில் மறுபடி மறுபடித் தோற்ற மனிதருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான். அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. 2-ல் தொடங்கி 67,46,32,83,88,800 வரை 102 மிகுபகு எண்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை காரணி என்ற கணக்கோடு. கால்குலேட்டர் இல்லாத காலம். கையால்.

அந்த எல்லைக்குள் இருக்கும் மிகுபகு எண்கள் 102 அல்ல, 103. தொண்ணூறாவது இடத்தில் இருந்திருக்க வேண்டியது 2,93,31,86,25,600. அதை அவர் விட்டுவிட்டார்.

*

விட்டது எப்படி என்று நானே போட்டுப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. அந்த நாளைப் போல ராமானுஜனின் பக்கத்தில் நான் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

காரணிகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கும் வழி எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். எண்ணைப் பகா எண்களாக உடைக்க வேண்டும். எந்தெந்தப் பகா எண் எத்தனை தடவை வருகிறதோ, அந்தத் தடவைகளோடு ஒவ்வொன்று கூட்டி எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். நம் எண்ணில் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஆக, 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5040. பிளேட்டோவின் அதே 5040. இந்த இடத்தில் யாருக்கும் கொஞ்சம் புல்லரிக்கும். புல்லரிப்பைக் கொஞ்சம் பிடித்து வைத்திருங்கள், அதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது பக்கத்து வீடுகளைப் பார்ப்போம். இதற்கு முந்தைய மிகுபகு எண் 2,40,94,02,99,600. அதற்கு 4800 காரணிகள். அதில் 23 உண்டு. அடுத்தது 3,21,25,37,32,800, அதற்கு 5376 காரணிகள். அதிலும் 23 உண்டு. நடுவில் இருக்கும் நம் எண்ணில் மட்டும் 23 இல்லை. முந்தைய எண்ணிலிருந்து 23-ஐ வெளியே எடுத்து, அந்த இடத்தில் இரண்டு 2, ஒரு 7, அதாவது 28-ஐ வைத்தால் நம் எண் வருகிறது. நம் எண்ணிலிருந்து ஒரு 3, ஒரு 7, அதாவது 21-ஐ எடுத்துவிட்டு 23-ஐ வைத்தால் அடுத்த எண் வருகிறது. முன்னேறிக்கொண்டிருக்கும் வரிசை ஒரே ஒரு அடி பின்வாங்கி, மறுபடி முன்னேறுகிறது. அந்த அட்டவணையின் எல்லைக்குள் 23-ஐத் தொடாமல் 19-ஓடு நின்றுவிட்ட கடைசி எண் இதுதான். 23 உள்ளே வந்துவிட்டது, இனி அது போகாது என்று மனசு நினைத்திருக்கும், அந்த அசதியில் இது நழுவியிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான்.

ஊகம் இல்லாத ஒன்று சொல்கிறேன். அட்டவணையின் கடைசி எண், அந்த 67,46,32,83,88,800 இருக்கிறதே, அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். 2,93,31,86,25,600. அவர் விட்ட எண்ணையும் 23-ஐயும் பெருக்கினால் வருகிற எண்ணோடுதான் அவருடைய அட்டவணை முடிகிறது. பேரனைச் சபையில் உட்காரவைத்துவிட்டுத் தாத்தாவை வாசலில் மறந்துவிட்ட மாதிரி.

இதைக் கண்ட அன்று எனக்கு அவர்மேல் மதிப்பு ஒரு இம்மிகூடக் குறையவில்லை. கூடியது. 29,000 கோடிக்கு மேற்பட்ட எண்களில் ஒவ்வொன்றாகத் தேட யாராலும் முடியாது. எந்த எண்ணெல்லாம் மிகுபகு எண்ணாக இருக்கவே முடியாது என்று நிரூபித்து நிரூபித்து, தேட வேண்டிய இடத்தை ஒரு சின்ன அறையாகச் சுருக்கினார் அந்த மனிதர். 2 வருகிற தடவைகளைவிட 3 அதிகத் தடவை வர முடியாது, 3-ஐவிட 5 அதிகம் வர முடியாது. வந்தால் இரண்டையும் இடம் மாற்றி, அதே காரணிகளோடு அதைவிடச் சின்ன எண்ணைச் செய்துவிடலாம். 18-க்கும் ஆறு காரணி, 12-க்கும் ஆறு காரணி என்றால் 18 தோற்றது, அவ்வளவுதான். இன்னொன்று, கடைசியாக வரும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர. இப்படிச் சமனிலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப்போன அந்தக் கைத்திறனை ஹார்டி தனியாகப் புகழ்ந்திருக்கிறார். சுருக்கிய அறைக்குள் உட்கார்ந்து 102 எண்களைப் பொறுக்கி எடுத்தார். ஒன்று கை தவறியது. கையால் செய்கிற வேலையில்தான் கை தவறும். வானத்திலிருந்து விழுந்திருந்தால் 103-உம் விழுந்திருக்கும்.

*

இதைத்தான் அந்த மேடையில் சொன்னேன். ஊர், பள்ளி, பெயர் எதுவும் வேண்டாம். எல்லா ஊரிலும் இதேதான் நடக்கும். எனக்கு முன்னால் பேசியவர் ஒரு எண் கணித நிபுணர். பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் கல்யாணம் ஆகும், இன்னொன்றைக் குறைத்தால் கடன் தீரும் என்கிற ரகம். கணித நாளுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். "எண்கள் நம்மளோட பேசும் பிள்ளைங்களா, ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவுல வந்து சொன்னா, நமக்கெல்லாம் பிறந்த தேதியில சொல்றா" என்றார். பலத்த கைதட்டல். அடுத்து நான் எழுந்து, "ராமானுஜன் ஒரு தப்பு செய்தார்" என்று ஆரம்பித்தேன்.

முடித்து இறங்கியதும் விழாக் குழுவில் ஒருவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "என்ன சார், பிள்ளைங்க முன்னாடி இதையெல்லாம் சொல்லணுமா? தெய்வப் பிறவி சார் அவரு. அவருக்குப் போய்த் தப்பு வருமா? புஸ்தகத்துல அச்சுப் பிழையா இருக்கும்."

அச்சுப் பிழையாம். கடவுள் பிழை விடமாட்டார், அச்சுக் கோப்பவன் விடுவான். இந்த ஒரு பதிலுக்குள் நம் சமூகத்தின் முழு அறிவுக் கொள்கையும் அடங்கியிருக்கிறது.

அந்த எண் கணித நிபுணருக்கு ஒரு சின்னக் கணக்கு. 2,93,31,86,25,600-இன் இலக்கங்களைக் கூட்டுங்கள். 45. அதைக் கூட்டினால் 9. 5040-ஐக் கூட்டினாலும் 9. அட்டவணையின் கடைசி எண்ணைக் கூட்டினால் 63, அதாவது 9. ஆகா, எல்லாம் செவ்வாயின் எண், போர்க்குணம், தலைமை என்று அவர் ஒரு மணி நேரம் பேசுவார். விஷயம் என்னவென்றால், 9-ஆல் வகுபடும் எந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் 9-தான் வரும். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், பத்தில் ஒன்று போனால் ஒன்பது, அதுதான் காரணம். 1680-க்குப் பிறகு அந்த அட்டவணையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 9-ஆல் வகுபடும். எனவே ஒவ்வொன்றும் செவ்வாய். நமக்குப் பன்னிரண்டு விரல் இருந்து, பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணியிருந்தால் இந்தச் செவ்வாய் தோஷம் எல்லாம் ஒரே நாளில் நிவர்த்தியாகிவிடும். காரணிகள் மட்டும் அப்படியே 5040 இருக்கும். எந்த எழுத்தில் எழுதினாலும், எந்த நாட்டில் எழுதினாலும், எழுதவே இல்லை என்றாலும் 5040.

எண்ணின் குணம் வேறு, எண்ணை எழுதும் முறையின் குணம் வேறு. என் ஆற்றாமையெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான். நம் பத்திரிகைகளின் 'கணித விந்தைகள்' பத்திகளில் இந்த வித்தியாசம் இருந்ததே இல்லை. ஒரு எண்ணைக் கொடுத்தால் வட்டாட்சியர் அலுவலகம் மாதிரி சான்றிதழாக அடுக்குவார்கள். இரட்டை எண். பகு எண். மிகை எண். இலக்கக் கூட்டலால் வகுபடுவதால் ஹர்ஷத் எண். திருப்பிப் போட்டால் இது, தலைகீழாக நின்றால் அது. ஹர்ஷத் என்ற பெயரை வைத்த தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேகரைக் குறைத்துப் பேசவில்லை. இலக்கங்களை வைத்து விளையாடுகிறோம் என்று தெரிந்தே சந்தோஷமாக விளையாடிய மனிதர் அவர். விளையாட்டை எடுத்து வேதமாக்குகிறவர்களைத்தான் சொல்கிறேன். ஒரு வகைப்பாடு எதற்காக வந்தது, அதற்குள் போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்காதவரை அது வெறும் சான்றிதழ். எண்ணுக்கு ஒரு பயனும் இல்லை, நமக்கும் இல்லை.

*

பிடித்து வைத்திருந்த புல்லரிப்புக்கு வருவோம். அந்த 5040.

ராமானுஜனின் கட்டுரை 1915-ல் முழுதாக வரவில்லை. போர்க்காலம், கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி, அச்சுச் செலவை மிச்சப்படுத்த ஒரு பகுதியை அவர் நிறுத்திவைத்தார். அது வெளியானது 1997-ல், எண்பத்திரண்டு வருஷம் கழித்து. அந்தப் பகுதியில் அவர் காரணிகளின் எண்ணிக்கையை விட்டு, காரணிகளின் கூட்டுத்தொகைக்குப் போகிறார். ஒரு எண்ணின் காரணிகளைக் கூட்டினால் அது அந்த எண்ணைப்போல எத்தனை மடங்கு பெரிதாக முடியும்? ரீமன் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்களுக்கு அந்த மடங்கு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்று காட்டுகிறார். ரீமன் கருதுகோள், இன்று வரை யாரும் நிரூபிக்காத, பகா எண்கள் பரவிக் கிடக்கும் விதத்தைப் பற்றிய அந்தப் பெரிய கேள்வி.

1984-ல் கீ ரோபன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அந்தப் 'போதுமான அளவு பெரிய' என்பது எங்கே தொடங்குகிறது என்று சொன்னார். 5040. அதற்கு மேலே உள்ள எந்த எண்ணும் வரம்பைத் தாண்டாது என்பதும் ரீமன் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றேதான் என்று நிரூபித்தார். தாண்டுகிற ஒரே ஒரு எண்ணைக் காட்டிவிட்டால் கருதுகோள் காலி. 5040-க்கு மடங்கு 3.838, வரம்பு 3.817. தாண்டிவிட்டது. ராமானுஜன் விட்ட எண்ணுக்கு மடங்கு ஏறக்குறைய 5.60, வரம்பு 5.83. தாண்டவில்லை.

பிளேட்டோவின் நகரம், ராமானுஜன் விட்ட எண்ணின் காரணிகள், ரீமன் கருதுகோளின் வாசற்படி, மூன்றும் 5040. எண் கணித நிபுணர் இதைக் கேள்விப்பட்டால் புத்தகமே போட்டுவிடுவார். ஆனால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். மிகுபகு எண்ணில் பகா எண்கள் வரும் தடவைகள் எல்லாம் சின்னச் சின்ன எண்கள். அவற்றோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் வருவதும் 2, 3, 5, 7 நிறைந்த ஒரு எண்ணாகத்தானே இருக்கும்? காரணி நிறைய உள்ள எண்ணின் காரணி எண்ணிக்கைக்கே காரணிகள் நிறைய இருக்கும். அதே மாதிரி, காரணி நிறைய இருந்தால் அவற்றின் கூட்டுத்தொகையும் பெரிதாக இருக்கும். ஆகவே வரம்பைத் தாண்டுகிற கடைசி ஆள் அந்தக் குடும்பத்திலிருந்துதான் வருவான். பிளேட்டோவும் பங்கு பிரிக்க எண் தேடினார், அந்தக் குடும்பத்துக்குத்தான் அவரும் போனார். மூன்றும் ஒரே குடும்பத்து ஆட்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றும் சரியாக ஒரே ஆளாக இருப்பது தற்செயல். எது காரணம், எது தற்செயல் என்று இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் கணிதம் என்று பெயர். பிரிக்காமல் கையெடுத்துக் கும்பிட்டால் அதற்கு வேறு பெயர்.

*

எதிர்ப்புகள் வரும். வரட்டும்.

முதலாவது, "ராமானுஜனே நாமகிரித் தாயாரைச் சொன்னாரே, நீ யார் மறுக்க?" நான் மறுக்கவில்லை. நாமக்கல் தாயார்மேல் அந்தக் குடும்பத்துக்கு இருந்த பக்தி அவர்களுடையது. கனவு கண்டவர் காலையில் எழுந்து சிலேட்டை எடுத்தார் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழித்து அழித்துப் போட்ட கணக்குகள் அவை. அவருடைய பக்தியில் உழைப்பு இருந்தது. நம்முடைய பக்தியில் அந்த உழைப்பை மறைக்கும் வசதி இருக்கிறது. தாயார் கொடுத்தாள் என்று சொல்லிவிட்டால் நாம் 63 பக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைக்குத் தாயார் கொடுக்கவில்லை, என்ன செய்வது என்று கையை உதறிவிடலாம்.

இரண்டாவது தரப்பு எதிர்ப்பக்கம் நிற்கிறது. "எல்லாம் ஒரு சாதியின் கட்டுக்கதை, ஊதிப் பெருக்கிய பிம்பம்" என்பார்கள். பிம்பத்தை ஊதியவர்கள்மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் பிம்பத்தை உடைக்கப் போகிறவர்கள் உள்ளே இருக்கும் ஆளையும் சேர்த்து உடைக்கிறார்கள். பட்டினியும் தோல்வியும் கண்ட ஒரு குமாஸ்தா செய்த வேலை அது, வேலையைப் பார்த்துவிட்டுப் பேசலாம் அல்லவா? கும்பிடுகிறவர்களும் படிக்கவில்லை, ஏசுகிறவர்களும் படிக்கவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக இரண்டு கட்சிக்கும் நடுவில் அந்தக் கட்டுரை பிரிக்காத பார்சல் மாதிரி கிடக்கிறது.

மூன்றாவதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமான கேள்வி. ஒரு நண்பர் கேட்டார்: "பிள்ளைகளை இழுக்க 1729 மாதிரி ஒரு அதிசயம் வேண்டாமா? சமனிலியைச் சொன்னா எவன் கேப்பான்?" நியாயம்தான். நானே அந்தக் கதையைக் கேட்டுத்தான் கணிதத்துக்கு வந்தேன். ஆனால் அந்தக் கதையையாவது முழுசாகச் சொல்வோமே. இரண்டு கன எண்களின் கூட்டலாக 1729-ஐ இரண்டு விதமாக எழுதலாம் என்பது 1657-லேயே பிரான்சில் ஃப்ரெனிக்கிள் குறித்து வைத்த விஷயம். ராமானுஜனும் அதைப் படுக்கையில் பளிச்சென்று கண்டுபிடிக்கவில்லை. 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தால் 12-இன் கனத்தைவிட ஒன்றே ஒன்று அதிகம் என்பது அவர் வெகு காலம் துரத்திய ஒரு பிரச்சினையின் ஒரு துளி, அவருடைய கையெழுத்துப் பக்கங்களில் இருக்கிறது. துரத்திக்கொண்டே இருந்தவருக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. பழக்கடைக்காரர் தட்டிப் பார்த்துப் பழம் சொல்வதைப் போல. அதிசயம் குறைந்துவிட்டதா? எனக்குக் கூடத்தான் செய்கிறது.

*

அந்த விழா நாளுக்குத் திரும்புகிறேன். மேடை ஏறுவதற்கு முன்னால், நேரம் இருந்ததால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். 2-லிருந்து 1000 வரை மிகுபகு எண்களைக் கண்டுபிடியுங்கள், கால்குலேட்டர் கூடாது. பெரும்பாலானவர்கள் 60-ஓடு விட்டுவிட்டார்கள். எல்லாம் முடிந்து, சால்வையோடு தனியாக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் ஓடி வந்தாள். நோட்டின் பின்பக்கம் முழுக்கப் பெருக்கலும் அடித்தலும். கடைசியில் வரிசையாக 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720. பதின்மூன்று எண்கள்.

"மொத்தம் பதினாலு இருக்குதும்மா," என்றேன். முகம் சுருங்கியது. "டீச்சர்கிட்ட காட்டினேன் சார், தப்புன்னுட்டாங்க. எதுன்னு சொல்லல."

எதை விட்டிருக்கிறாள் என்று பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. 840. 720-க்கு முப்பது காரணி, 840-க்கு முப்பத்திரண்டு. அதுவரை வந்த எல்லா எண்களும் 2, 3, 5 என்ற மூன்றை மட்டும் வைத்துக் கட்டியவை. அவளும் அந்த மூன்றையே கூட்டிக்கூட்டிப் பார்த்திருக்கிறாள். 720-லிருந்து ஒரு 2, ஒரு 3, அதாவது 6-ஐ வெளியே எடுத்து, அந்த இடத்தில் 7-ஐ வை என்றேன். அங்கேயே, பஸ் ஸ்டாப் கம்பத்தில் நோட்டைச் சாய்த்து வைத்துப் போட்டாள். 840 வந்தது. காரணிகளை எண்ணினாள். ஒரு தடவை எண்ணி, நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

"ஏழை உள்ள விடணும்னு தோணவே இல்ல சார்."

அவருக்கு இருபத்துமூன்றை வெளியே விடணும்னு தோணவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவரு எந்த இடத்துல விட்டாருன்னு எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டாள். பெரிய எண்களை எழுதிக் கொடுத்தேன். பஸ் வந்துவிட்டது.

அந்த எண் கணித நிபுணரோ, விழாக் குழுக்காரரோ, பத்து வருஷம் டாக்சி கதை சொன்ன நானோ அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கக்கூடிய ராமானுஜன் எப்படிப்பட்டவர்? தப்பே செய்யாதவர், கனவில் விடை வருகிறவர், அதனால் அவளால் ஒருக்காலும் நெருங்க முடியாதவர். அவளுடைய பதின்மூன்று எண்களுக்கு அங்கே இடமில்லை, 'தப்பு' என்ற ஒரு சொல் மட்டும்தான். நிஜ ராமானுஜன் 103-ல் 102 எடுத்தவர். அவள் 14-ல் 13. இருவருக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரே பாதையின் தூரம், நடந்து போகக்கூடிய தூரம். கடவுளாக்கியதன் மூலம் அந்தப் பாதையைத்தான் நாம் வெட்டிவிட்டோம்.

2012-ஐத் தேசியக் கணித ஆண்டு என்றும் டிசம்பர் 22-ஐத் தேசியக் கணித நாள் என்றும் அரசு அறிவித்தது. அன்றிலிருந்து மாலைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் குறைவில்லை. எனக்கு ஒரு யோசனை. அடுத்த டிசம்பர் 22 அன்று படத்துக்கு மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு பேச்சாளர் யாரையும் கூப்பிடாதீர்கள். பிள்ளைகளிடம் காகிதம் கொடுத்து 2-லிருந்து 1000 வரை போடச் சொல்லுங்கள். எல்லாரும் எதையாவது விடுவார்கள். எதை விட்டார்கள், எந்த இடத்தில், ஏன் என்று ஒருவரோடு ஒருவர் பேசட்டும். ஆசிரியர்களும் உட்கார்ந்து போடட்டும், அவர்களும் விடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால் சால்வை வேண்டாம், பஸ் காசுகூட வேண்டாம், நானே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போடுகிறேன்.